தறி நின்னு போச்சு! பெட்டியைப் பழுது பார்ப்பதா, மாற்றுவதா?
பல்லடம் ஆட்டோலூம்காரர்களின் தலைவலி

பல்லடத்தில் சாதா விசைத்தறி நின்றால் பெரிய கவலை இல்லை. மோட்டாரா, பெல்ட்டா, நாடாவா என்று மேஸ்திரி பத்து நிமிடத்தில் சொல்லிவிடுவார். ஆட்டோலூம் நின்றால் கதையே வேறு. விளக்கு எரியாது. திரை இருண்டு கிடக்கும். "போர்டு போயிடுச்சுங்க" என்று யாராவது ஒருவர் சொல்லிவிடுவார். போர்டு விலையைக் கேட்டதும் தறிக்காரருக்கு வேர்த்துக் கொட்டும்.

அவசரம் வேண்டாம். பல நேரம் போர்டு நல்லாத்தான் இருக்கும். அதற்குச் சோறு போடும் பவர் சப்ளை பெட்டிதான் படுத்துவிட்டிருக்கும். எஸ்.எம்.பி.எஸ். என்று எல்லோரும் சொல்லும் அதே பெட்டிதான். ஒரு காலத்தில் ஊருக்கு ஊர் இருந்த வீடியோ கேம் கடைகளின் மெஷினுக்குள்ளும் இதே இனத்துப் பெட்டிதான் இருந்தது. அங்கே 5 வோல்ட், 12 வோல்ட். இங்கே பெரும்பாலும் 24 வோல்ட். அவ்வளவுதான் வித்தியாசம்.

2005-ல் வந்த மத்திய அரசின் ஜவுளிப் பூங்கா திட்டத்தில் பல்லடம் ஹைடெக் நெசவுப் பூங்கா அமைந்தது. நாடா இல்லாத தறிகள் பெருகப் பெருக, இந்தப் பெட்டிகளும் பெருகிவிட்டன.

பஞ்சுதான் எமன்

லைனில் வரும் 230 வோல்ட்டை இந்தப் பெட்டி முதலில் சுமார் 325 வோல்ட் டி.சி. ஆக்கும். பிறகு அதை வேகவேகமாக வெட்டி, சின்ன டிரான்ஸ்பார்மர் வழியாக 24 வோல்ட்டாக இறக்கும். இதில் முதலில் கிழடு தட்டுவது கெப்பாசிட்டர், நம்ம ஊர்ப் பேச்சில் கண்டன்சர். உள்ளே இருக்கும் திரவம் சூட்டில் மெல்ல வற்றும். 10 டிகிரி சூடு கூடினால் அதன் ஆயுள் ஏறக்குறைய பாதியாகிவிடும். தறிக்கூடத்துப் பஞ்சு காற்றுத் துவாரத்தை அடைத்துக்கொண்டால் கேட்கவே வேண்டாம். மண்டை உப்பியிருந்தால் அதன் காலம் முடிந்தது என்று அர்த்தம். உப்பாமலே செத்துப்போவதும் உண்டு.

"தேறுமுங்களா?"

முதலில் செய்ய வேண்டியது, பெட்டிக்கு கரண்ட் வருகிறதா என்று பார்ப்பது. சிரிக்க வேண்டாம், லூஸ் ஒயருக்காகப் புதுப் பெட்டி வாங்குகிறவர்கள் இன்றும் உண்டு.

வந்தால், வெளியே போகும் ஒயர்களைக் கழற்றிவிட்டுப் பார்க்க வேண்டும். "டிக்... டிக்" என்று துடித்துக் கொண்டிருந்த பெட்டி ஒயரைக் கழற்றியதும் உயிர் பெற்றால், கோளாறு பெரும்பாலும் வேறு இடத்தில், தறியில் எங்கோ ஷார்ட். புதுப் பெட்டி போட்டாலும் அதே கதைதான்.

சுமை இல்லாமல் மீட்டர் 24 காட்டுகிறதே என்று நம்பிவிடவும் கூடாது. லாரி இண்டிகேட்டர் பல்பு ஒன்றை மாட்டிப் பார்க்கலாம். பல்பு எரியும்போது வோல்ட் சரிந்தால் பெட்டிக்குத் தெம்பு இல்லை. சிலர் உள்ளே இருக்கும் திருகைத் திருப்பி வோல்ட்டை ஏற்றி ஓட்டுவார்கள். நாலு நாள் ஓடும். பிறகு போர்டையும் சேர்த்துக் கொண்டு போகும்!

பியூஸ் சும்மா அறுந்திருந்தால் நம்பிக்கை உண்டு. கண்ணாடி கருகி வெடித்திருந்தால் உள்ளே ஷார்ட். அனுபவசாலி மெக்கானிக், பழுது பார்த்த பெட்டியை நேராக லைனில் கொடுக்க மாட்டார். 100 வாட் குண்டு பல்பைத் தொடராகப் போட்டுக் கொடுப்பார். பல்பு ஒரு முறை மின்னி மங்கினால் நிம்மதி. முழுசாக எரிந்தால் ஷார்ட் இன்னும் இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை: சுவிட்சை அணைத்த பிறகும் உள்ளே அந்த 325 வோல்ட் கொஞ்ச நேரம் தங்கும். தெரியாதவர்கள் மூடியைத் திறக்கவே கூடாது.

எதை மாற்றுவது?

கண்டன்சர், பியூஸ், விசிறி மட்டும் என்றால் பழுது பார்ப்பதே லாபம். 105 டிகிரி ரகம் கேட்டு வாங்க வேண்டும். 85 டிகிரி ரகத்தைப் போட்டால் சீக்கிரமே மறுபடி இதே வேலை. பலகை கருகி, டிரான்ஸ்பார்மரும் போயிருந்தால் காசைக் கரைக்க வேண்டாம். சந்தையில் எளிதாகக் கிடைக்கும் 24 வோல்ட் பெட்டியானால் புதிதை மாட்டிவிட்டுத் தறியை ஓட்டுவதுதான் புத்திசாலித்தனம். தறி நிற்கும் ஒவ்வொரு ஷிப்டுக்கும் கூலி போகிறதே! பழையதைச் சாவகாசமாகச் சரி செய்து அலமாரியில் வைத்துக்கொள்ளலாம்.

வெளிநாட்டில் ஓடித் தேய்ந்து இங்கே வந்திறங்கிய தறிகளுக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. கம்பெனி தனக்கென்றே செய்த பெட்டி, மூன்று நான்கு விதமான வோல்ட். புதிது கிடைக்காது, கிடைத்தாலும் யானை விலை. அங்கே நல்ல மெக்கானிக்கே கதி.

"பழுது பார்க்கும் உரிமை"க்காக மத்திய நுகர்வோர் துறை 2022 ஜூலையில் குழு போட்டது. முதலில் எடுத்துக்கொண்டது விவசாயக் கருவி, செல்போன், வீட்டுச் சாதனம், வாகனம். தறி அந்தப் பட்டியலில் இல்லை.

புதிது வாங்கும்போது வோல்ட் அதே அளவு, ஆம்பியர் அதே அளவு அல்லது கூடுதல் என்று லேபிளைப் பார்த்து வாங்க வேண்டும். பழையதைக் கழற்றும் முன் ஒயர் நிறங்களைச் செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்வது நல்லது. பிளஸ், மைனஸ் மாறிப்போனால், நல்லா இருந்த போர்டு அப்போதுதான் நிஜமாகவே போகும்.