புறத்தார் பார்வையில் மார்மன் பெண்: யூட்டா வாக்குரிமை வரலாற்றை முன்வைத்து (1870–1896)

ஆய்வுச் சுருக்கம்

பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவில் மார்மன் சமயத்தைப் பற்றிப் புறத்தார் கொண்டிருந்த கருத்துகளின் மையமாகப் பலதார மணம் விளங்கியது. அம்மணத்திற்குட்பட்ட பெண் அடிமை நிலையில் வாழ்கிறாள் என்றும், வாக்குரிமை கிடைத்தால் அவளே அவ்வழக்கத்தை ஒழிப்பாள் என்றும் சீர்திருத்தர் பலர் நம்பினர். 1870இல் யூட்டா பெண்கள் வாக்குரிமை பெற்றனர். எதிர்பார்ப்பு நிறைவேறவில்லை. 1887இல் அவ்வுரிமை பறிக்கப்பட்டது. ஒரு சமயத்தின் வழக்கத்தைப் பற்றித் தெரிந்திருத்தலுக்கும் அதனைப் புரிந்துகொள்ளுதலுக்கும் உள்ள இடைவெளியை இந்நிகழ்வின்வழி இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: மார்மன் சமயம், பலதார மணம், யூட்டா, பெண் வாக்குரிமை, புறத்தார் பார்வை, ரெனால்ட்ஸ் வழக்கு.

முன்னுரை

சிறுபான்மைச் சமயம் ஒன்றைப் பற்றிய பொதுக்கருத்து பெரும்பாலும் அச்சமயத்தாரின் எழுத்திலிருந்து உருவாவதில்லை. புறத்தார்க்கு வியப்பூட்டும் ஒரு வழக்கம் முன்னிறுத்தப்படுகிறது. அவ்வழக்கமே அச்சமயத்தின் முழு உருவாகக் கொள்ளப்படுகிறது. அமெரிக்காவில் தோன்றிய மார்மன் சமயம் இதற்குத் தக்க சான்றாகும். மார்மன் என்றதும் பலதார மணத்தை நினைக்கும் போக்கு, அவ்வழக்கத்தைச் சபை கைவிட்டு நூறாண்டுகள் கடந்த பின்னும் மறையவில்லை. இப்போக்கு ஒருகாலத்தில் சட்டமாகவும் சிறைத்தண்டனையாகவும் உரிமைப் பறிப்பாகவும் வடிவெடுத்தது. அவ்வரலாற்றில் பெண்களின் வாக்குரிமை பெற்ற இடத்தை இக்கட்டுரை ஆராய்கிறது.

மார்மன் சமயமும் அதன் பெயரும்

1830ஆம் ஆண்டு நியூயார்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் இச்சபையை நிறுவினார். அதே ஆண்டில் ‘மார்மன் நூல்’ வெளியிடப்பட்டது. பழங்கால அமெரிக்காவில் வாழ்ந்த தீர்க்கதரிசிகளின் பதிவுகளைத் தொகுத்தவராக அந்நூல் குறிப்பிடும் ஒருவரின் பெயரே மார்மன் என்பதாகும். விவிலியத்தோடு இந்நூலையும் மறைநூலாக ஏற்றவர்களைப் புறத்தார் மார்மன்கள் என அழைத்தனர். காலப்போக்கில் சபையாரும் அப்பெயரை ஏற்றுப் பயன்படுத்தினர். எனினும் 2018இல் சபைத் தலைமை அப்பெயரைத் தவிர்த்து, ‘பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை’ என்னும் முழுப்பெயரையே வழங்குமாறு கேட்டுக்கொண்டது. கிறிஸ்துவின் பெயரை மறைக்கும் புனைபெயரால் தாம் அறியப்படுவதாக அவர்கள் கருதுவதே இதற்குக் காரணம். வரலாற்று ஆவணங்களில் மார்மன் என்னும் சொல்லே நிலைத்துள்ளமையால் இக்கட்டுரையிலும் அச்சொல் ஆளப்படுகிறது.

1844இல் இல்லினாய் மாநிலத்துச் சிறையொன்றில் அடைக்கப்பட்டிருந்த ஜோசப் ஸ்மித்தை ஒரு கும்பல் சுட்டுக் கொன்றது. அவருக்குப்பின் பிரிகாம் யங் தலைமையில் மேற்கு நோக்கிப் பெயர்ந்த மக்கள் 1847இல் சால்ட் லேக் பள்ளத்தாக்கை அடைந்து குடியேறினர். அப்பகுதியே பின்னர் மாநிலத் தகுதி பெறாத யூட்டா ஆட்சிப்பகுதி ஆயிற்று. ஆட்சிப்பகுதி என்பதால் அதன் சட்டங்களை மாற்றவும் நீக்கவும் அமெரிக்க நாடாளுமன்றத்திற்கு அதிகாரம் இருந்தது. பின்னர் நிகழ்ந்தவற்றை விளங்கிக்கொள்ள இவ்வரசியல் நிலை இன்றியமையாததாகும்.

பலதார மணம்: அகத்தார் கொண்ட பொருள்

பலதார மணத்திற்கு மார்மன் நூலே அடிப்படை என்பது பரவலான தவறான கருத்தாகும். ஒருவனுக்கு ஒரு மனைவி என்பதையே அந்நூல் பொதுநெறியாகக் கூறுகிறது. இறைவன் சிறப்பாகக் கட்டளையிட்டாலன்றி அந்நெறியை மீறலாகாது என்பது அதன் நிலைப்பாடு. அத்தகைய கட்டளை தமக்குக் கிடைத்ததாக ஜோசப் ஸ்மித் கூறினார். அது 1843இல் எழுத்தில் பதிவு செய்யப்பட்டது. நெருங்கிய வட்டத்தில் மறைவாகக் கைக்கொள்ளப்பட்ட இவ்வழக்கம் 1852இல் யூட்டாவில் வெளிப்படையாக அறிவிக்கப்பட்டது.

மார்மன் இறையியலில் திருமணம் இறப்போடு முடியும் உறவன்று. உரிய அதிகாரம் பெற்றவரால் முத்திரையிடப்படும் மணம் மறுமையிலும் தொடரும் என்பது அவர்களின் நம்பிக்கை. குடும்பம் முழுவதும் என்றென்றும் பிணைக்கப்பட்டிருப்பதே மீட்பின் உயர்நிலையாகும். விவிலியத்தின் ஆபிரகாம், யாக்கோபு ஆகியோரின் வாழ்வை முன்மாதிரியாகக் கொண்டு பலதார மணத்தை இக்கோட்பாட்டின் ஒரு பகுதியாக அவர்கள் விளக்கினர். மக்கள் அனைவரும் இம்மணத்தில் ஈடுபடவில்லை, ஈடுபட்டோர் சிறுபான்மையினரே. ஆயினும் சபைத் தலைவர்களிடையே அது மிகுதியாகக் காணப்பட்டது. 1852இல் இயற்றப்பட்ட யூட்டா மணமுறிவுச் சட்டம் அக்காலத்தில் பிற பகுதிகளில் நிலவியவற்றைவிட நெகிழ்வானதாக இருந்தமையும் குறிப்பிடத்தக்கது.

புறத்தார் தீட்டிய சித்திரம்

1856இல் குடியரசுக் கட்சி தன் தேர்தல் அறிக்கையில் அடிமைமுறையையும் பலதார மணத்தையும் காட்டுமிராண்டித்தனத்தின் இரட்டை எச்சங்களாக இணைத்துக் கண்டித்தது. இவ்விணைப்பு மார்மன் பெண்ணை அடிமையோடு ஒப்பவைத்தது. புதினங்களிலும் இதழ்களின் கேலிச்சித்திரங்களிலும் அவள் ஏமாற்றப்பட்டவளாகவோ சிறைவைக்கப்பட்டவளாகவோ காட்டப்பட்டாள். ஆர்தர் கோனன் டாயில் 1887இல் ஷெர்லாக் ஹோம்சை அறிமுகப்படுத்திய புதினத்தின் ஒரு பகுதி, யூட்டாவில் கட்டாய மணத்திற்குள்ளாகும் பெண்ணின் கதையாகவே அமைந்துள்ளது.

இச்சித்திரத்திற்கு வேண்டிய வண்ணங்கள் பெரும்பாலும் ஆசியாவிலிருந்து பெறப்பட்டன. மார்மன் வீடு துருக்கிய அந்தப்புரத்தோடு ஒப்பிடப்பட்டது. 1879இல் ரெனால்ட்ஸ் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பிலும் இப்போக்கைக் காணலாம். பிரிகாம் யங்கின் செயலராகப் பணியாற்றிய ஜார்ஜ் ரெனால்ட்ஸ், பலதார மணம் தம் சமயக் கடமை என வாதிட்டார். சட்டம் நம்பிக்கையில் தலையிடாது, செயலில் தலையிடலாம் என்று கூறி நீதிமன்றம் அவ்வாதத்தைத் தள்ளியது. அதனை விளக்குகையில், கணவனின் சிதையில் எரிந்து மாய்வதைக் கடமையென நம்பும் மனைவியை அரசு தடுக்கக் கூடாதா என்னும் வினாவை எழுப்பியது. மேலும் பலதார மணம் வட, மேற்கு ஐரோப்பிய நாடுகளுக்கு என்றும் வெறுப்புக்குரியது என்றும், மார்மன் சபை தோன்றும்வரை ஏறத்தாழ ஆசிய, ஆப்பிரிக்க மக்களின் வாழ்வுக்கே உரியதாக இருந்தது என்றும் குறிப்பிட்டது.

இங்கு இரண்டு கூறுகளைப் பிரித்தறிதல் வேண்டும். நம்பிக்கைக்கும் செயலுக்கும் இடையே தீர்ப்பு வகுத்த வேறுபாடு சட்டக் கோட்பாடு. அது தனித்து ஆராயத்தக்கது. ஆனால் ஒரு வழக்கம் ஆசியருக்குரியது என்பதே அதன் இழிவுக்குச் சான்றாகக் கொள்ளப்பட்டமை வேறு. நியூயார்க்கில் தோன்றி, நியூ இங்கிலாந்திலிருந்தும் பிரிட்டனிலிருந்தும் வந்தோரைப் பெருமளவில் கொண்டிருந்த ஒரு சமூகம் இவ்வொப்புமையால் அயலாக்கப்பட்டது. உடன்கட்டை ஏறுதலை இந்தியாவில் பிரிட்டானிய அரசு 1829 முதல் தடை செய்திருந்தது. அத்தடை பற்றிய விவாதத்தில் இந்தியக் கைம்பெண் பெற்ற இடத்தையே அமெரிக்க விவாதத்தில் மார்மன் மனைவி பெற்றாள். இருவரும் மிகுதியாகப் பேசப்பட்டனர், கேட்கப்பட்டதோ குறைவு.

வாக்குரிமை: வழங்கலும் பறித்தலும்

மார்மன் பெண் அடிமை என்பது உண்மையாயின், அவள் கையில் வாக்குச்சீட்டைத் தருவதே விடுதலைக்கு வழி என்னும் முடிவு இயல்பாகவே எழும். இந்தியானா மாநிலத்து உறுப்பினர் ஜார்ஜ் ஜூலியன் 1869இல் அமெரிக்க நாடாளுமன்றத்தில் முன்மொழிந்த சட்டவரைவு இந்நோக்கில் அமைந்தது. பலதார மணத்தைக் குறைக்கும் வழியாக யூட்டா பெண்களுக்கு வாக்குரிமை அளிக்க அது கருதியது. அவ்வரைவு நிறைவேறவில்லை.

1870 ஜனவரியில், பலதார மணத்தைக் கடுமையாகத் தண்டிக்கக் கருதிய கல்லம் சட்டவரைவை எதிர்த்துச் சால்ட் லேக் நகரில் மார்மன் பெண்கள் பெருந்திரளாகக் கூடினர். தாம் ஒடுக்கப்பட்டவர்கள் அல்லர் என மேடையேறிப் பேசினர். அடுத்த மாதமே, மார்மன்கள் நிறைந்த யூட்டா சட்டமன்றம் பெண்களுக்கு வாக்குரிமை வழங்கும் சட்டத்தை நிறைவேற்றியது. மார்மன் அல்லாத பொறுப்பு ஆளுநர் அதில் கையொப்பமிட்டார். 1870 பிப்ரவரி 14 அன்று நடைபெற்ற நகராட்சித் தேர்தலில் செராஃப் யங் என்னும் பெண் வாக்களித்தார். வயோமிங் ஆட்சிப்பகுதி இதற்குச் சில வாரங்கள் முன்னரே உரிமை வழங்கியிருப்பினும், அச்சட்டங்களின்கீழ் முதலில் வாக்களித்தவர்கள் யூட்டா பெண்களே ஆவர்.

சட்டமன்றத்தின் நோக்கம் தூய பெண்ணுரிமை உணர்வு மட்டுமே எனக் கொள்ள இயலாது. மார்மன் பெண் அடிமையல்லள் என்பதை நாட்டுக்குக் காட்டவும், இருப்புப்பாதை வழியே வந்து குடியேறிய பிறருக்கெதிரே தம் வாக்கு வலிமையைப் பெருக்கவும் அச்சட்டம் உதவியது. ஒரே உரிமையை அகத்தார் தம் மானத்தின் சான்றாகவும், புறத்தார் அவ்வழக்கத்தை அழிக்கும் கருவியாகவும் கண்டனர்.

பெண்கள் பலதார மணத்திற்கு எதிராக வாக்களிக்கவில்லை. அப்போது சீர்திருத்தர்முன் இரு வழிகள் இருந்தன. பெண்ணைப் பற்றிய தம் கணிப்பை மறுபரிசீலனை செய்வது ஒன்று. அவளது வாக்கு அவளுடையதன்று, கணவனுடையது எனக் கொள்வது மற்றொன்று. பலரும் இரண்டாவதையே தேர்ந்தனர். 1882ஆம் ஆண்டின் எட்மண்ட்ஸ் சட்டம் பலதார மணத்தில் வாழ்வோரின் வாக்குரிமையை நீக்கியது. 1887ஆம் ஆண்டின் எட்மண்ட்ஸ்–டக்கர் சட்டம் சபையின் சட்ட ஆளுமையைக் கலைத்ததோடு, யூட்டா பெண்கள் அனைவரின் வாக்குரிமையையும் பறித்தது. பலதார மணத்தில் இல்லாத பெண்களும், மார்மன் அல்லாத பெண்களும் இதற்கு விலக்கல்லர். விடுவிப்பதற்கெனக் கருதப்பட்ட பெண்ணே, எதிர்பார்த்த விடையைத் தராதபோது உரிமை இழந்தாள்.

புகலிடமும் வராத பெண்களும்

இக்காலத்திலேயே மற்றொரு முயற்சியும் நிகழ்ந்தது. பலதார மணத்திலிருந்து வெளியேறும் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் புகலிடமாகத் ‘தொழிற்பயிற்சிக் கிறிஸ்தவ இல்லம்’ 1886இல் சால்ட் லேக் நகரில் தொடங்கப்பட்டது. மெதடிஸ்ட் சபையைச் சார்ந்த ஆஞ்சி நியூமன் இதற்கு முன்னின்று உழைத்தார். நாடாளுமன்றம் முதலில் 40,000 டாலர் ஒதுக்கியது. 1889இல் பெரிய கட்டடமும் எழுந்தது. வந்தோரோ மிகச் சிலர். 1893இல் இல்லம் மூடப்பட்டது.

பெண்கள் வராமை அவர்தம் மனநிறைவுக்குச் சான்று என உடனே முடிவு செய்தல் பொருந்தாது. நம்பிக்கை, குழந்தைகள், உறவு, வாழ்வாதாரம் ஆகியவை ஒருத்தியை ஓரிடத்தில் நிறுத்தும். எனினும், சிறைக்கதவு திறந்ததும் கைதிகள் வெளியேறுவர் என்னும் உருவகம் அவர்களின் வாழ்வுக்குப் பொருந்தவில்லை என்பதை அவ்வெற்றுக் கட்டடம் உணர்த்தியது.

அகத்தாரின் பல குரல்கள்

புறத்தார் பார்வையைத் திறனாய்கையில், அகத்தார் அனைவரும் ஒரே குரலில் பேசினர் எனக் கொள்வதும் பிழையாகும். மார்மன் பெண்கள் 1872 முதல் 1914 வரை ‘வுமன்ஸ் எக்ஸ்போனென்ட்’ என்னும் இதழை நடத்தினர். அதன் நெடுநாள் ஆசிரியர் எம்மலின் வெல்ஸ், பலதார மணத்தையும் பெண் வாக்குரிமையையும் ஒருசேர ஆதரித்து எழுதினார். 1879இல் வாஷிங்டனில் நடைபெற்ற தேசியப் பெண் வாக்குரிமைச் சங்க மாநாட்டிலும் பங்கேற்றார். அவரே தம் நாட்குறிப்புகளில் கணவரின் அண்மை கிட்டாத தனிமையைப் பதிவு செய்துள்ளார். பொதுவெளியில் காத்த நம்பிக்கையும் தனிமையில் எழுதிய துயரும் ஒருவருடையனவே.

சபையை விட்டு விலகிய பெண்களும் எழுதினர். ஃபேனி ஸ்டென்ஹவுஸ் 1874இல் வெளியிட்ட நூலுக்கு ஹாரியட் பீச்சர் ஸ்டோ முன்னுரை வழங்கினார். பிரிகாம் யங்கை மணந்து பிரிந்த ஆன் எலைசா யங் நாடெங்கும் சொற்பொழிவாற்றினார். இவர்கள் கூறிய துன்பத்தைப் புறத்தாரின் கற்பனை என ஒதுக்க இயலாது. எனவே பலதார மணத்தின்மீதான கண்டனம் முழுவதும் அறியாமையின் விளைவன்று. பட்டறிவின் அடிப்படையில் எழுந்த கண்டனமும் உண்டு.

1890க்குப் பின்

1890இல் சபைத் தலைவர் வில்ஃபோர்ட் உட்ரஃப் பலதார மணத்தைக் கைவிடுமாறு அறிவித்தார். அதன்பின்னும் மறைவாகச் சில மணங்கள் நிகழ்ந்தன. 1904இல் இரண்டாம் அறிவிப்பு வெளியாயிற்று. மீறுவோர் சபையிலிருந்து நீக்கப்படலாயினர். இன்றும் அம்மணத்தைக் கைக்கொள்ளும் குழுக்கள் இச்சபையைச் சாராத தனிக்குழுக்களாகும். இவ்வேறுபாடு பொதுப்பேச்சில் பெரிதும் மறக்கப்படுகிறது.

1896 ஜனவரியில் யூட்டா மாநிலமாயிற்று. அதன் அரசமைப்பு பெண் வாக்குரிமையை மீட்டளித்தது. அவ்வாண்டு நவம்பரில் மார்த்தா ஹியூஸ் கேனன், அமெரிக்காவில் மாநில மேலவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் பெண் ஆனார். மருத்துவரான அவர் ஒரு பலதார மணக் குடும்பத்தின் நான்காம் மனைவி. வழக்குத் தொடர்பில் கணவருக்கு எதிராகச் சாட்சி சொல்ல நேரும் என்பதால் கைக்குழந்தையுடன் இங்கிலாந்தில் மறைந்து வாழ்ந்தவர். அத்தேர்தலில் எதிர்க்கட்சியின் வேட்பாளர்களுள் அவருடைய கணவரும் ஒருவர். கணவர் தோற்றார், மனைவி வென்றார். கணவன் சொற்படி வாக்களிப்பவள் என்றோ, முற்றும் தடையற்ற வாழ்வினள் என்றோ அவரை வரையறுக்க இயலாது.

முடிவுரை

யூட்டாவுக்கு வெளியே இருந்தோர் பலதார மணம் நிகழ்வதை அறிந்திருந்தனர்; அச்செய்தியில் பிழையில்லை. அவ்வழக்கத்திற்குட்பட்ட பெண் எதை நம்பினாள், எதைப் பொறுத்துக்கொண்டாள், எதைத் தேர்ந்தாள் என்பதை அவளிடம் கேட்டறியாமையே குறையாயிற்று. கேட்கும் வாய்ப்பை வாக்குச்சீட்டு தந்தபோதும், விடை பிடிக்காமையால் வினாவே திரும்பப் பெறப்பட்டது. ஒரு வழக்கத்தைப் புரிந்துகொள்வது அதனை ஏற்றுக்கொள்வதாகாது. விலகிய பெண்களின் சான்றை மதித்து அம்மணத்தைக் கண்டிக்கவும், நம்பிய பெண்களின் வாக்கை அவர்களுடையதாகவே ஏற்கவும் ஒருவரால் இயலும். யூட்டா பெண்கள் 1870இல் பெற்று, 1887இல் இழந்து, 1896இல் மீண்டும் பெற்ற உரிமையின் வரலாறு இவ்விரண்டையும் ஒருங்கே மேற்கொள்ள வேண்டிய தேவையை உணர்த்துகிறது.