ஏழு கன்னியர் மலையும் விமானப் பயமும்

எஹலியகொடப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வீட்டு வேலைக்காக வளைகுடாவுக்குப் போகும் பெண்கள் பலருக்கு, கட்டுநாயக்கவில் ஏறுவதுதான் வாழ்க்கையின் முதல் விமானப் பயணம். பயப்படுகிறவரிடம் 'பஸ்ஸைவிட பிளேன் பாதுகாப்பு' என்று சொல்லிவிடுகிறோம். அது உண்மைதான். இலங்கை வீதிகளில் ஆண்டுதோறும் 2,000 பேருக்கு மேல் சாகிறார்கள். 2025 மே 11ஆம் திகதி கொத்மலை கரண்டியெல்லவில் ஒரே இ.போ.ச. பஸ் பள்ளத்தில் விழுந்து 20 பேருக்கு மேல் இறந்தார்கள். அதற்காக அவிசாவளை பஸ்ஸை யாரும் விட்டுவிடவில்லை. பஸ்ஸில் சாரதி கண்முன் இருக்கிறார், மணியடித்து இறங்கலாம். பிளேனில் இரண்டும் இல்லை. நம் பிடியில் எதுவும் இல்லையே என்பதுதான் அந்தப் பயம். சாவுக் கணக்கைச் சொல்லி அதைத் தணிக்க முடியாது.

பயத்துக்கு நம் மலைகளிலேயே சாட்சியும் உண்டு. 1974 டிசம்பர் 4 இரவு, இந்தோனேசிய ஹஜ் யாத்திரிகர்களை ஏற்றிவந்த மார்ட்டின்எயார் விமானம் கட்டுநாயக்கவில் இறங்குவதற்காகத் தாழ்ந்தபோது, நோர்ட்டன்பிரிட்ஜ் அருகே ஏழு கன்னியர் மலையில் மோதியது. 191 பேரும் இறந்தார்கள். தாம் எங்கே பறக்கிறோம் என்பதை விமானிகள் பிழையாகக் கணித்திருந்தார்கள். அதற்கு மூன்று நாள் முன்பு அமெரிக்காவின் வர்ஜீனியாவிலும் ஒரு விமானம் மலையில் மோதி 92 பேர் பலியாகியிருந்தார்கள். அதன்பின் தரை நெருங்கினால் எச்சரிக்கும் கருவியை அமெரிக்கா கட்டாயமாக்கியது. பிற்பாடு முன்னால் உள்ள மலையையே அறிந்து சொல்லும் கருவியும் வந்தது. அதே பிழையை இன்று விமானி செய்தால் கருவி கத்தும். அப்படியானால் 2025 ஜூனில் அகமதாபாத்தில் விமானம் விழுந்தது எப்படி என்று கேட்பார்கள். விபத்தே நடக்காது என்று யாரும் வாக்குக் கொடுக்கக்கூடாது. பயந்தவர் அந்தப் பொய்யை உடனே பிடித்துவிடுவார். ஆனால் விழுந்தால் எல்லோரும் முடிந்தார்கள் என்பதும் சரியல்ல. 1978 நவம்பர் 15இல் கட்டுநாயக்க அருகே விழுந்த ஐஸ்லாந்து விமானத்தில் 262 பேரில் 79 பேர் பிழைத்தார்கள்.

என்ன நடக்கப்போகிறது என்பதை முன்கூட்டியே சொல்வதுதான் உதவும். விமானம் மேலெழுந்ததும் அடியில் 'டக்' என்பது சக்கரம் மடங்கும் சத்தம். சற்று நேரத்தில் இரைச்சல் குறைந்தால் எஞ்சின் நின்றுவிட்டதாக அர்த்தமில்லை, விசையைத்தான் குறைக்கிறார்கள். பறக்கையில் எதிர்பார்க்கப்படும் ஆகக் கூடிய சுமையைப்போல் ஒன்றரை மடங்கைத் தாங்குமாறு இறக்கையை அமைக்கிறார்கள். குலுக்கத்தில் ஆபத்து இறக்கை முறிவதல்ல, இருக்கையிலிருந்து தூக்கி எறியப்படுவதுதான். 2024 மே மாதம் சிங்கப்பூர் எயார்லைன்ஸ் விமானத்தில் ஆசனப் பட்டி போடாதிருந்தவர்கள் கூரையில் மோதிக் காயப்பட்டார்கள். பட்டியை இறுக்குவதும், மூச்சை மெதுவாக விடுவதும் பயணியின் பிடியில் உள்ளவை. வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் பயிற்சியில் இதையெல்லாம் சொல்லிக்கொடுக்க ஒரு மணித்தியாலம் போதும். நெஞ்சடைத்து ஏறவே முடியாதவருக்கு அது போதாது. படிப்படியாகப் பழக்கும் மனநலச் சிகிச்சை வேண்டும். இன்னும் சிலருக்குப் பயம் பிளேனில் இல்லை, இறங்கியபின் போய்ச் சேரும் வீட்டில். அவர்களுக்கு இறக்கையைப் பற்றிச் சொல்லிப் பயனில்லை. வாசித்துப் புரிந்துகொள்ளக்கூடிய தமிழ் ஒப்பந்தமும், அழைத்தால் எடுக்கப்படும் தூதரகத் தொலைபேசி இலக்கமும் வேண்டும்.