கடைக்கோடிக் குழாய்

குடிக்கும் தண்ணீர் – 9

செஞ்சிக் கோட்டையை முகலாயப் படை 1690இல் முற்றுகையிட்டது. கோட்டை விழுந்தது 1698இல். மலையும் மதிலும் காத்தன என்று சொல்வோம். தண்ணீரும் சேர்ந்தே காத்தது. அடிவாரத்தில் சக்கரக்குளமும் செட்டிக்குளமும், மேலே பாறைச் சுனைகள், கல்யாண மகாலுக்குச் சுட்ட மண் குழாய் வழியே வந்த தண்ணீர் என்று எல்லாவற்றையும் யோசித்துக் கட்டியிருக்கிறார்கள்.

அதே கோட்டைக்குக் கெட்ட பெயரும் இருந்தது. 1750இல் பிரெஞ்சுக்காரர்கள் அதைப் பிடித்தார்கள். 1761இல் ஆங்கிலேயரிடம் இழந்தார்கள். இடைப்பட்ட காலத்தில் 1,200 ஐரோப்பியச் சிப்பாய்களை அவர்கள் பறிகொடுத்ததாகப் பழைய கெசட்டியர்கள் சொல்கின்றன. காரணம் கொசுக் காய்ச்சலா, குடித்த தண்ணீரா? பிரித்தறியும் வழி அன்று உலகில் எவரிடமும் இல்லை. உடம்புக்கு ஒத்துக்கொள்ளாத ஊர் என்று எழுதிவைத்ததோடு சரி.

2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டைச் சேர்த்தது. தமிழ்நாட்டிலிருந்து இடம்பெற்றது செஞ்சி மட்டும். பார்க்க வருகிறவர்கள் பாட்டில் தண்ணீரோடு வருவார்கள். ஊர்க்காரர்கள் குடிப்பது ஊர்த் தண்ணீரை. இந்த வாரம் அவர்களுக்காக.

செஞ்சி வட்டாரம் கடும்பாறைப் பூமி. மழைநீர் பாறை வெடிப்புகளில் இறங்கி நெடுநாள் கிடக்கிறது. கிடக்கும்போது பாறையில் உள்ளதைக் கரைத்துக்கொள்கிறது. கால்சியம், மக்னீசியம் கூடினால் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. அதை வீட்டிலேயே தெரிந்துகொள்ளலாம். ஃபுளோரைடு அப்படி இல்லை. நிறம், மணம், ருசி எதிலும் தெரியாது. குடிநீருக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 10500 லிட்டருக்கு 1 மில்லிகிராம் என்கிறது. வேறு நீராதாரமே இல்லாவிட்டால் 1.5 வரை. அதைத் தாண்டிப் பல ஆண்டு குடித்தால் குழந்தைகளின் பல்லில் கறை படியும், பெரியவர்களின் எலும்பு இறுகும். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்கள் இதைப் பட்டுத் தெரிந்துகொண்டன. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். காய்ச்சினாலும் ஃபுளோரைடு போகாது. நீர் சுண்டச் சுண்ட அடர்த்தி கூடத்தான் செய்யும். பக்கத்து வீட்டு போர் நன்றாக இருக்கிறது என்பதால் நம் போரும் நன்றாக இருக்கும் என்று சொல்லிவிடவும் முடியாது. வெடிப்புக்கு வெடிப்பு நீர் மாறும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. சுத்திகரிப்புக் கருவி விற்க வருகிறவர் பேனா போன்ற டி.டி.எஸ். மீட்டரை உங்கள் தண்ணீரில் முக்கி எண்ணைக் காட்டுவார். அந்த எண் கரைந்த உப்புகளின் மொத்த அளவு மட்டுமே. 500க்குள் இருந்தால் நல்லது. வேறு வழியில்லையேல் 2,000 வரை தரநிலை பொறுத்துக்கொள்ளும். கிருமி இருக்கிறதா, ஃபுளோரைடு எவ்வளவு என்பது அந்த மீட்டருக்குத் தெரியாது. இன்னும் சிலர் தண்ணீரில் மின்சாரம் பாய்ச்சிச் செம்பழுப்பாகக் கசடு திரளவைத்து வீட்டாரைப் பயமுறுத்துவார்கள். அந்தக் கசடில் பெரும்பகுதி கருவியின் இரும்புக் கம்பி கரைந்து வந்தது. ஆர்.ஓ. நீரில் உப்பு குறைவு, மின்சாரம் சரியாகப் பாயாது, அதனால் அது தெளிவாகவே நிற்கும். இதைச் சோதனை என்று சொல்லி விற்பது ஏமாற்று வேலை.

பாறை தருவது மெல்ல மாறும். மனிதர் கலப்பது ஒரே நாளில் மாறும். எனக்கு அதிகக் கவலை இதில்தான். நோய்க்கிருமிகளை ஒவ்வொன்றாகத் தேடி முடியாது. அதனால் மலத்தில் தவறாமல் இருக்கும் ஈ.கோலை பாக்டீரியாவைத் தேடுகிறார்கள். 100 மில்லி நீரில் அது ஒன்றுகூட இருக்கக் கூடாது. இருந்தால், கழிவு எங்கோ வழி கண்டுபிடித்து உள்ளே வந்துவிட்டது என்று பொருள்.

எங்கே வழி? பெரும்பாலும் தொட்டிக்கும் வீட்டுக்கும் நடுவில். நம் ஊர்களில் குழாயில் தண்ணீர் நாள் முழுக்க ஓடுவதில்லை. விட்டு முடித்ததும் குழாய் காலியாகிறது, உள்ளே அழுத்தம் விழுகிறது. சாக்கடையை ஒட்டிப் போகும் குழாயில் விரிசலோ, வால்வுக் குழியில் தேங்கிய அழுக்கு நீரோ இருந்தால், அது உள்ளே இழுபடும். குழாயிலேயே மோட்டார் மாட்டி உறிஞ்சும் வீடு தெருவில் ஒன்று இருந்தால் போதும், இழுவை இன்னும் கூடும். மறுநாள் முதலில் வரும் தண்ணீர் அந்தக் கலவைதான். தொட்டியடியில் எடுத்த சாம்பிள் தேறியிருக்கும். தெருக்கோடி வீட்டுக் குழந்தை வயிற்றுப்போக்கில் கிடக்கும்.

அதனால்தான் குளோரினைக் கடைக்கோடிக் குழாயில் பார்க்க வேண்டும் என்கிறேன். டேங்க் ஆபரேட்டர் 1,000 லிட்டருக்குச் சுமார் 4 கிராம் பிளீச்சிங் பவுடர் கலக்குகிறார். மூட்டை பிரித்து நாளாகியிருந்தால் பவுடரின் வீரியம் போயிருக்கும். வழியில் அழுக்கு சேர்ந்தால் அதை அடக்குவதிலேயே குளோரின் தீர்ந்துவிடும். கோடி வீட்டில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிஞ்ச வேண்டும். சோதனைக் குழாயில் தண்ணீர் பிடித்து, மருந்தைச் சொட்டுவிட்டு, நிறத்தை அட்டையோடு ஒப்பிட்டால் நொடியில் தெரியும். நிறமே வரவில்லையா, உடனே தொட்டிக்கும் வால்வுக் குழிக்கும் ஆள் போக வேண்டும்.

கிருமிக்கும் எளிய வழி உண்டு. 1982இல் மாஞ்சா, மௌர்யா, ராவ் என்ற மூன்று இந்திய விஞ்ஞானிகள் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் ஒரு முறையை வெளியிட்டார்கள். மருந்து தடவிய சிறு பாட்டிலில் தண்ணீரை ஊற்றி ஓரிரு நாள் அறை வெப்பத்தில் வைத்தால் போதும். கறுத்தால் சந்தேகம், ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு 5 பெண்களைப் பயிற்றுவித்து இத்தகைய சோதனைப் பெட்டிகளைத் தரச் சொல்லியிருக்கிறார்கள். நீராதாரத்தில் ரசாயனச் சோதனை ஆண்டுக்கு ஒருமுறை, கிருமிச் சோதனை இருமுறை. நல்ல ஏற்பாடு. ஆனால் முடிவு கணினியில் ஏறுகிறது. குடிக்கிறவரிடம் திரும்பி வருவதில்லை. மேலே போகும் வேகத்தில் கீழேயும் வர வேண்டும்.

வேங்கைவயலை நினைத்துப் பாருங்கள். 2022 டிசம்பரில் பட்டியலின மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்திருந்தது, குழந்தைகள் நோயுற்று, தண்ணீரைப் பாருங்கள் என்று மருத்துவர்கள் சொன்ன பிறகே தெரிந்தது. அங்கே குழந்தைகளின் உடம்பே சோதனைக் குழாயாகிவிட்டது. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

செஞ்சிக்காரர்கள் செய்யக்கூடியது இது. குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கட்டணம் கட்டி யாரும் தண்ணீரைச் சோதிக்கலாம். கிருமிச் சோதனைக்கு ஆய்வகம் தரும் கிருமி நீக்கிய பாட்டிலையே வாங்குங்கள். அதற்குள் இருக்கும் மருந்து குளோரினை முறிப்பதற்கானது, கழுவிவிடாதீர்கள். குழாயைத் துடைத்து, சற்று நேரம் ஓடவிட்டு, மூடியின் உட்புறம் விரல் படாமல் பிடியுங்கள். ஐஸ் பெட்டியில் வைத்து அன்றே கொண்டுசேருங்கள். முடிவுத்தாள் கிடைத்ததும் நகல் ஒன்றைப் பேரூராட்சியில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். இன்னொரு நகலைத் தேதியோடு தெருவின் ரேஷன் கடைச் சுவரில் ஒட்டுங்கள்.

(தொடரும்)