வீட்டுக் கணினிக்கு எந்த இயங்குதளம்? தமிழாசிரியர்களுக்கு ஒரு வழிகாட்டி



ஓர் அரையாண்டுத் தேர்வில் எனக்கு நேர்ந்ததைச் சொல்லித் தொடங்குகிறேன். படிவம் 4-க்கான வினாத்தாளை வீட்டு மடிக்கணினியில் தயாரித்தேன். சரியாக 4 பக்கம். கோப்பை விரலியில் எடுத்துச் சென்று, பள்ளிக் கணினியில் திறந்து, முதல் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு அச்சுக்குக் கொடுத்தேன். "நாலு பக்கம்தான், முன்னும் பின்னும் போட்டா ரெண்டு தாள்" என்று சொல்லியும் அனுப்பினேன். தேர்வு மண்டபத்தில் ஒரு மாணவி கையைத் தூக்கினாள். "டீச்சர், பதிமூனாவது கேள்விக்கு அப்புறம் ஒன்னுமே இல்லையே?"

நடந்தது இதுதான். வீட்டில் நான் பயன்படுத்திய எழுத்துரு பள்ளிக் கணினியில் இல்லை. அதற்குப் பதிலாக வேறோர் எழுத்துருவை அந்தக் கணினி தானாகவே போட்டுக்கொண்டது. அந்த எழுத்து கொஞ்சம் அகலம். வரிகள் நீண்டு, 4 பக்கம் 5 பக்கமானது. ஐந்தாம் பக்கம் அச்சாகவே இல்லை. மீதிக் கேள்விகளை வெண்பலகையில் எழுதிப்போட்டேன். பிள்ளைகளுக்கு நேரம் வீணானதுதான் மிச்சம்.

தவறு என்னுடையது. ஆனால், அன்றைக்கு ஒன்று புரிந்தது. "எந்தக் கணினி நல்லது?" என்று கேட்பதற்கு முன்னால், "என் கோப்பு எங்கே போய்ச் சேர வேண்டும்?" என்று கேட்க வேண்டும். இயங்குதளத்தைத் தேர்ந்தெடுப்பதற்கும் அதுவே முதல் கேள்வி.

1. இயங்குதளம் என்ன செய்கிறது?

பள்ளியில் கால அட்டவணை போடும் ஆசிரியரை நினைத்துக்கொள்ளுங்கள். எந்த வகுப்புக்கு எந்த அறை, எந்த நேரம், எந்த ஆசிரியர் என்பதை அவர்தான் ஒழுங்குபடுத்துகிறார். அவர் பாடம் எடுக்காவிட்டாலும், அட்டவணை இல்லாமல் பாடம் நடக்காது. இயங்குதளமும் அப்படித்தான். எந்த மென்பொருளுக்கு எவ்வளவு நினைவகம், அச்சுப்பொறி யாருக்கு, கோப்பு எங்கே என்பதை எல்லாம் அது கவனிக்கிறது. விண்டோஸ், மேக் ஓஎஸ், குரோம் ஓஎஸ், லினக்ஸ் ஆகிய நான்கும் நாம் வீட்டில் பயன்படுத்தக்கூடிய இயங்குதளங்கள்.

2. இப்போது ஏன் இந்தக் கேள்வி?

2015-இல் வெளிவந்த விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்ட் தந்துவந்த வழக்கமான ஆதரவு 14 அக்டோபர் 2025-இல் முடிந்தது. அதன் பிறகும் கணினி ஓடும். ஆனால், பாதுகாப்புப் புதுப்பிப்புகள் வழக்கம்போல் வரமாட்டா. வீட்டுப் பயனர்கள் பதிவு செய்துகொண்டால் 13 அக்டோபர் 2026 வரை நீட்டிக்கப்பட்ட பாதுகாப்புப் புதுப்பிப்பு கிடைக்கும் என்று மைக்ரோசாப்ட் அறிவித்தது. மாணவர் மதிப்பெண், பெற்றோர் தொலைபேசி எண் போன்றவற்றை வைத்திருக்கும் நாம் இதை அலட்சியப்படுத்தக் கூடாது.

விண்டோஸ் 11-க்கு மாறலாமே என்றால், எல்லாக் கணினியும் அதை ஏற்காது. குறைந்தது 4 ஜிபி நினைவகம், 64 ஜிபி சேமிப்பிடம், டிபிஎம் 2.0 எனும் பாதுகாப்புச் சில்லு ஆகியவை வேண்டும். இன்டெல் கணினி என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தையதாக இருக்க வேண்டும். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பழைய மடிக்கணினி இந்த இடத்தில்தான் தடுக்கி நிற்கிறது.

3. முதலில் ஒரு தாளை எடுங்கள்

ஒரு வாரத்தில் கணினியில் செய்யும் வேலைகளை எல்லாம் எழுதுங்கள். என் பட்டியல் இது: நாள் பாடத்திட்டம், வினாத்தாள், பயிற்றி, மதிப்பெண் அட்டவணை, டெலிமா, இணையச் சந்திப்பு, புலனக் குழு. பிறகு ஒவ்வொன்றுக்கும் எதிரே, "உலாவியில் நடக்கிறதா, தனி மென்பொருள் வேண்டுமா?" என்று குறியுங்கள்.

டெலிமா, கூகிள் வகுப்பறை, மின்னஞ்சல் எல்லாம் உலாவியிலேயே திறக்கும். அவற்றுக்கு எந்த இயங்குதளமும் போதும். சிக்கல் வருவது வினாத்தாளில்தான். கட்டம், படம், பக்க அமைப்பு எதுவும் அசையக் கூடாது. பள்ளியில் எந்த இயங்குதளம் என்பது நம் கையில் இல்லை. அங்கே இருப்பதோடு ஒத்துப்போவதை வீட்டில் வைத்துக்கொண்டால் பாதித் தொல்லை குறையும்.

4. நான்கையும் தமிழாசிரியர் கண்ணோடு பார்ப்போம்

விண்டோஸ் 11: பள்ளியிலும் விண்டோஸ், மைக்ரோசாப்ட் வேர்டு என்றால் இதுவே சிரமம் குறைந்த வழி. தமிழ் 99, அஞ்சல் ஆகிய இரு விசைப்பலகைகளும் உடன் வருகின்றன. அமைப்புகளில் தமிழைச் சேர்த்தால் போதும்.

மேக் ஓஎஸ்: இங்கும் தமிழ் 99, அஞ்சல் இரண்டும் உண்டு. நம் நாட்டவரான முத்து நெடுமாறன் வடிவமைத்த இணைமதி எழுத்துரு மேக்கில் உடன் வருகிறது. விலைதான் யோசிக்க வைக்கும். பழைய மேக் வாங்க நினைப்பவர்கள் உள்ளே இருக்கும் சில்லைப் பாருங்கள். இன்டெல் சில்லு கொண்டவற்றுக்கு 2025-இல் வந்த டாஹோ பதிப்பே கடைசி என்று ஆப்பிள் அறிவித்துவிட்டது.

குரோம் ஓஎஸ்: உலாவி வேலையே அதிகம் என்றால் குரோம்புக் போதும். பிள்ளைகளின் வீட்டுப்பாடத்துக்கும் நல்லது. ஆனால், கணினியில் நிறுவிப் பயன்படுத்தும் முழு வேர்டு இதில் ஓடாது. 2021 முதல் வெளிவந்த மாதிரிகளுக்கு 10 ஆண்டு தானியங்கிப் புதுப்பிப்பு உண்டு. அந்த 10 ஆண்டு நீங்கள் வாங்கிய நாளிலிருந்து அல்ல, அந்த மாதிரி வெளிவந்த நாளிலிருந்து எண்ணப்படும். மலிவாகக் கிடைக்கிறதே என்று பழைய மாதிரியை வாங்கினால் ஆண்டுகள் குறைந்திருக்கும்.

லினக்ஸ்: இது திறமூல இயங்குதளம். உபுண்டு, லினக்ஸ் மின்ட் போன்றவற்றைக் கட்டணமின்றிப் பெறலாம். விண்டோஸ் 11 ஏற்காத பழைய கணினிக்கு மறுவாழ்வு தர இது நல்ல வழி. உபுண்டு 24.04 பதிப்புக்கு 2029 வரை ஆதரவு உண்டு. தமிழ் 99 விசைப்பலகையைச் சேர்த்துக்கொள்ளலாம். வேர்டுக்குப் பதில் லிப்ரே ஆபிஸ் இருக்கிறது. வேர்டு கோப்புகளை அது திறக்கும். ஆனாலும் கட்டங்களும் பக்க அமைப்பும் சில வேளைகளில் இடம் மாறும். நிறுவும் முன்பே விரலியிலிருந்து இயக்கிப் பார்க்கலாம் என்பது பெரிய வசதி. பிடிக்கவில்லையா? விரலியைக் கழற்றுங்கள், பழைய கணினி அப்படியே இருக்கும். நிறுவுவதாக இருந்தால் மட்டும் எல்லாக் கோப்புகளையும் முதலில் வேறோர் இடத்தில் நகலெடுத்து வையுங்கள்.

5. மாறும் முன் பழைய கோப்புகளைக் காப்பாற்றுங்கள்

நம்மில் பலரிடம் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த வினாத்தாள்கள் இருக்கின்றன. பல ஆண்டு உழைப்பு. பாமினியில் "அம்மா" என்று தட்டினால், கணினியின் நினைவில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஆங்கிலக் குறிகளே பதிவாகின்றன. அந்த எழுத்துருதான் அவற்றைத் தமிழாகக் காட்டுகிறது. புதிய கணினியில் அது இல்லையென்றால் நம் வினாத்தாள் முழுவதும் ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரியும். யூனிகோடு எனும் ஒருங்குறியில் அப்படியல்ல. தமிழ் எழுத்துகளுக்கென்றே தனி எண்கள் இருப்பதால் நான்கு இயங்குதளங்களிலும் தமிழ் தமிழாகவே தெரியும்.

ஆகவே, இயங்குதளம் மாறும் முன் பழைய கோப்புகளை எழுத்துரு மாற்றி வழியாக ஒருங்குறிக்குக் கொண்டு வாருங்கள். மாற்றியதை ஒருமுறை வாசித்துப் பிழை திருத்துங்கள். கொம்பும் காலும் இடம் மாறிக் கிடக்கலாம்.

ஒருங்குறியில் இருந்தாலும் எழுத்துரு மாறினால் பக்க அமைப்பு மாறும். எனக்கு நேர்ந்தது அதுதான். அதற்கு மருந்து எளிது: அச்சுக்குப் போகும் கோப்பைப் பிடிஎஃப் ஆக்கி அனுப்புங்கள். பிடிஎஃப் எழுத்துருவையும் தன்னுள் சுமந்து செல்லும். திருத்துவதற்கு வேர்டு கோப்பு, அச்சுக்குப் பிடிஎஃப் என்று இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள்.

6. வாங்குமுன் ஒரு சோதனை

பழைய வினாத்தாள் ஒன்றைக் கடைக்கு எடுத்துச் செல்லுங்கள், அல்லது அந்த இயங்குதளம் வைத்திருக்கும் நண்பரிடம் கேளுங்கள். கோப்பைத் திறங்கள். பக்க எண்ணிக்கை அதேதானா? "ஸ்ரீ", "கௌ", "ணை" சரியாகத் தெரிகின்றனவா? இரண்டு வரி தமிழில் தட்டச்சு செய்ய முடிகிறதா? பிடிஎஃப் ஆக்கி உங்கள் கைப்பேசியில் திறந்து பாருங்கள். பத்து நிமிட வேலை. பல ஆயிரம் ரிங்கிட் கொடுக்கும் முன் அந்தப் பத்து நிமிடத்தைக் கொடுக்கலாம்.

7. எஸ்.பி.எம். மாணவர்களுக்கு

தொழில்நுட்பத் தலைப்பில் வாதக் கட்டுரை எழுதும்போது "இதுவே சிறந்தது" என்று முடித்துவிடாதீர்கள். "யாருக்கு, எந்த வேலைக்கு, எவ்வளவு செலவில்" என்று காரணம் காட்டுங்கள். வாதம் வலுவாகும்.

கலைச்சொற்களில் இலக்கணத்தையும் கவனியுங்கள். "இயங்குதளம்" வினைத்தொகை. இயங்கிய, இயங்குகின்ற, இயங்கும் என முக்காலத்துக்கும் பொருந்தும். வினைத்தொகையில் வல்லினம் மிகாது. ஆகவே, "இயங்குத்தளம்" என்பது பிழை. "விசைப்பலகை"யில் 'ப்' மிகுவது சரி. "எழுத்துரு" என்பது எழுத்து + உரு. குற்றியலுகரம் கெட்டுப் புணர்ந்தது.

நான் என்ன தேர்ந்தெடுத்தேன் என்று சக ஆசிரியர்கள் கேட்பதுண்டு. வினாத்தாள் வேலைக்குப் பள்ளியில் உள்ளதைப் போலவே விண்டோஸ் 11. பழைய மடிக்கணினியில் லினக்ஸ் மின்ட் போட்டு, பிள்ளைகளின் வீட்டுப்பாடத்துக்குக் கொடுத்துவிட்டேன். உங்கள் பட்டியல் வேறு என்றால் உங்கள் விடையும் வேறாக இருக்கும். எதுவானாலும், கடைசிப் பக்கத்தைப் பார்க்காமல் அச்சுக்குக் கொடுக்காதீர்கள்!