மத்தளமும் பிற்பாட்டும்
யாழ்ப்பாணத் தென்மோடிக் கூத்தின் இசைக்குழு

குருநகர், பாசையூர், நாவாந்துறை ஆகிய யாழ்ப்பாணக் கரையோர ஊர்களில் கத்தோலிக்க மக்கள் தலைமுறை தலைமுறையாகப் பேணிவரும் கலை தென்மோடிக் கூத்து. எஸ்தாக்கியார், ஞானசௌந்தரி போன்ற கதைகள் இரவிரவாக மேடையேறின. மட்டக்களப்பில் கூத்து வட்டக்களரியில் ஆடப்படும். இங்கே அது உயர்ந்த மேடைக்கு வந்தது. ஆட்டம் குறைந்து, பாட்டே உயிரானது.

குழுவின் தலைவர் அண்ணாவியார். பாட்டும் தாளமும் நடிப்பும் பழக்குபவர் அவரே. கூத்தர் ஓர் அடியைப் பாடி முடித்ததும் பிற்பாட்டுக்காரர் அதை ஏந்திப் பாடுவர். கூத்தர் மூச்செடுக்க இடம் கிடைக்கும், பாட்டும் அறாது. பின்னாளில் ஆர்மோனியமும் சேர்ந்துகொண்டது.

குழுவின் தாளக் கருவி மத்தளம். அதன் இரு முகங்களையும் பாருங்கள். வலந்தலை கூர்மையான ஒலியையும் இடந்தலை ஆழ்ந்த ஒலியையும் தரும். பாத்திரத்தின் வரவையும் கோபத்தையும் துயரையும் இந்த இரண்டு ஒலிகளே சபைக்கு முன்கூட்டி உணர்த்தும்.

கூத்தரும் பிற்பாட்டுக்காரரும் போல இசையைப் பகிர்ந்து சுமக்கும் வழக்கம் உலகின் மறுகோடியிலும் உண்டு. பெரு, பொலிவியா நாடுகளின் அந்தீஸ் மலை மக்கள் ‘சிக்கு’ எனும் குழலை இருவராக வாசிப்பர். ஒருவரின் குழலில் இல்லாத சுரம் மற்றவரிடம் இருக்கும். இருவரும் மாறி மாறி ஊதினால்தான் மெட்டு முழுமையாகும்.

1965இல் நீ. மரிய சேவியர் அடிகள் தொடங்கிய திருமறைக் கலாமன்றம், போர்க்காலத்திலும் கூத்தைக் கைவிடாமல், நேரத்தைச் சுருக்கிப் புதிய தலைமுறைக்குக் கொண்டுசென்றது. கூத்து ஏட்டில் மட்டும் வாழாது. பாடக் குரல்களும் அடிக்கக் கைகளும் வேண்டும். உங்கள் ஊரில் அண்ணாவியார் ஒருவர் இருந்தால், அவரிடம் ஒரு பாட்டாவது கேட்டுப் பழகுங்கள்.