ஊரே அடிச்ச பம்பு... ஒரு சங்கிலி தீர்த்த தாகம்!

அடி பம்பில் குடம் வைத்துத் தண்ணீர் பிடித்த அனுபவம் இருக்கிறதா? 'அம்மா அடிப்பாங்க, நான் கைப்பிடியில தொங்குவேன்' என்று சொல்கிறவர்கள் சேலம், நாமக்கல் பக்கம் இன்றைக்கும் நிறைய பேர். அந்தப் பச்சைக் கைப்பிடிக்குப் பின்னால் ஒரு பட்டறைக் கதை இருக்கிறது.

நம்ம பக்கம் மண்ணுக்குக் கீழே பாறைதான். பாறையைத் துளைக்கும் போர்வெல் லாரிகளுக்குத் திருச்செங்கோடு இன்று நாடு முழுக்கப் பெயர் பெற்ற ஊர். ஆனால், 1960களின் பிற்பகுதியில் யுனிசெஃப் உதவியோடு பாறைப் பகுதிகளில் போர் போட ஆரம்பித்தபோது, துளை போடுவதைவிட பெரிய தலைவலி ஒன்று வந்தது. மேலே பொருத்திய கைபம்புகள் உடைந்துகொண்டே இருந்தன. 1970களின் நடுவில் கணக்கெடுத்தபோது, நான்கில் மூன்று பம்புகள் ஓடவில்லை!

எங்கே தப்பு?

அவை வெளிநாட்டு மாடலைப் பார்த்துச் செய்த வார்ப்பிரும்பு பம்புகள். ஒரு வீட்டுக்காரர்கள் மட்டும் அடிப்பதற்கானவை. இங்கேயோ விடியற்காலையிலிருந்து இருட்டும் வரை ஊரே வரிசையில் நிற்கும். கைப்பிடி ஏறி இறங்கும்போது உள்ளே இருக்கும் கம்பி பக்கவாட்டில் இழுபடும். மூட்டு தேயும், ஆடும், கடைசியில் முறியும். பம்பு நின்றால் குடத்தோடு நெடுந்தூரம் நடப்பது பெண்களும் பெண் பிள்ளைகளும்தான்.

விடை கிடைத்தது மகாராஷ்டிராவில். ஜால்னா, சோலாப்பூர் பகுதிகளில், உடைந்த பம்புகளைச் சரி செய்தே பழகிய பட்டறைக் கைகள் புது மாதிரியை உருவாக்கின. கைப்பிடியின் முனையில் வளைவான ஓர் இரும்புத் துண்டு. அதன் மேல் சைக்கிள் செயின் போல ஒரு சங்கிலி. சங்கிலியில் தொங்கும் கம்பி நேராக மேலே போய், நேராகக் கீழே வரும். 'சங்கிலியால் இழுக்கத்தானே முடியும், தள்ள முடியாதே?' என்கிறீர்களா? கீழே இறக்கும் வேலையைக் கம்பியின் எடையே பார்த்துக்கொள்ளும்!

கோவையில் பரீட்சை

அந்த மாதிரியை மேம்படுத்திச் செய்த 12 பம்புகளை, கோவைப் பகுதியின் ஆழமான போர்களில் பொருத்திச் சோதித்தார்கள். பாஸ்! 1970களின் பிற்பகுதியில் சென்னையில் தயாரிப்பு தொடங்கியது. அதுதான் 'இந்தியா மார்க் 2'. பிறகு ஆப்பிரிக்க கிராமங்கள் வரை போனது.

ஆனாலும் ஒரு குறை. உள்ளே ஒரு வாஷர் தேய்ந்தாலும், குழாய் மொத்தத்தையும் வெளியே எடுக்க வேண்டும். அதற்கு வேனும் ஆட்களும் வர வேண்டும். அவர்கள் வரும்வரை ஊர் காத்திருக்கும். 1980களில் மறுபடியும் கோவை மாவட்டத்திலேயே அடுத்த சோதனை நடந்தது. குழாயை அகலமாக்கினார்கள். குழாய் அப்படியே இருக்க, உள்ளே இருக்கும் பாகங்களை மட்டும் மேலே உருவி எடுக்கலாம். தோல் வாஷருக்குப் பதில் நீண்ட நாள் உழைக்கும் ரப்பர் வாஷர் வந்தது. உள்ளூர் மெக்கானிக்கே பழுது பார்க்கும்படி அமைந்த இதுதான் 'மார்க் 3'.

உங்கள் தெரு பம்பு எப்படி?

பல தடவை அடித்த பிறகுதான் தண்ணீர் வருகிறதா? உள்ளே வால்வோ குழாய் இணைப்போ கசியலாம். கைப்பிடி பக்கவாட்டில் ஆடுகிறதா? பேரிங் தேய்ந்திருக்கலாம். சங்கிலி கிறீச்சிடுகிறதா? கிரீஸ் கேட்கிறது. உடனே ஊராட்சியில் சொன்னால் சின்ன ரிப்பேரோடு போகும். விட்டால் பம்பே போய்விடும்.

பட்டறையால் தீர்க்க முடியாத பிரச்னை ஒன்றும் உண்டு. இந்த பம்பு சுமார் 50 மீட்டர் ஆழம் வரைக்கும்தான். அதாவது 160 அடி சொச்சம். ஆயிரம் அடி போர் போடும் காலத்தில், நீர்மட்டம் அதற்கும் கீழே போய்விட்டால் எந்தச் சங்கிலியும் உதவாது. மழைநீரை மண்ணுக்குள் இறக்குவது நம் வேலை.

நீர்மட்டம் மேலே இருந்தால், கரன்ட் போன நாளிலும் குடம் நிறையும். நாலு அடி அடித்தால் போதும்!