இறங்காத விதையும் ஒற்றைக் கொம்புக் கருப்பையும்

நாய்களுக்குப் பிறவியிலேயே அமையும் இனப்பெருக்க உறுப்புக் குறைபாடுகளுள் பரவலானது, கடுவன் குட்டியின் விதைகளில் ஒன்றோ இரண்டுமோ விதைப்பையை வந்தடையாமல் வயிற்றுக்குள்ளோ தொடையிடுக்கிலோ தங்கிவிடுவதாகும். கருவில் சிறுநீரகத்தை அண்டித் தோன்றும் விதைகள் குட்டி பிறந்த சில வாரங்களுக்குள் கீழிறங்கிவிடும். 6 மாதமாகியும் இறங்காத விதை இனி இறங்காது என்றே மிருக வைத்தியர்கள் கொள்வர்.

உடலின் உட்சூட்டில் அவ்விதை விந்தணுவை உண்டாக்காதெனினும் ஆண் ஓமோனைத் தொடர்ந்து சுரப்பதால், வெளியே தெரியும் ஒன்றை மட்டும் அகற்றிவிட்டு நலமடித்தாயிற்று என்றிருந்தால், நாய் பெட்டை தேடி அலைவதும் கடிபடுவதும் ஓயாது. அதிலும் பெரிய ஆபத்து, உள்ளே தங்கிய விதையில் கட்டி தோன்றும் வாய்ப்பு பத்து மடங்குக்கும் மேல் கூடுவதே. அக்கட்டிகளுள் ஒருவகை பெண் ஓமோனைச் சுரப்பதால், கடுவனின் முலைக்காம்புகள் பெருத்து, இரு விலாவிலும் ஒரேயளவாக மயிர் கொட்டி, பிற கடுவன்கள் அதனைப் பெட்டையென நாடிவருவதுண்டு. சில நாய்களில் எலும்பு மச்சை நலிந்து உயிருக்கே கேடாகிறது.

பெட்டை நாயின் கருப்பைக்கு இயல்பில் இரு கொம்புகள் உண்டு. ஒன்று உருவாகாமற் போனாலும் அப்பக்கத்துச் சூலகம் பெரும்பாலும் இருக்கும். கருத்தடையின்போது அதனைத் தேடியெடுக்காமல் வயிற்றைத் தைத்துவிட்டால் நாய் மீண்டும் பருவத்துக்கு வரும். அதே பக்கத்துச் சிறுநீரகமும் சிலவற்றில் இல்லாதிருக்கும்.

இலங்கையில் தெருநாய்களைக் கொல்லும் முறை 2006இல் கைவிடப்பட்ட பின் விசர்நாய்க்கடித் தடுப்பு, தடுப்பூசியோடு கருத்தடைச் சத்திரசிகிச்சையையும் துணைகொண்டிருப்பதால், கல்லடி, காத்தான்குடி, ஏறாவூர் என மட்டக்களப்பு வாவியைச் சூழ்ந்த ஊர்களில் பாதி வீட்டிலும் பாதி தெருவிலுமாக வளரும் நாய்களைப் பொறுத்தவரை இவ்வறிவு வெறும் ஏட்டறிவன்று. அரைகுறையாக முடிந்த சத்திரசிகிச்சையால் நாய்க்கு வலியே மிச்சம்.

விதை இறங்காமை பரம்பரையாக வருவது. பொமரேனியன் போன்ற சிறிய சாதிகளில் அதிகம். குறையை வெளிக்காட்டாத தாயும் அதனைக் கடத்தக்கூடுமாதலால், ஒற்றை விதைக் கடுவனை மட்டுமன்றி அதன் பெற்றோரையும் இனவிருத்திக்கு விடலாகாது. தடுப்பூசிக்குக் கொண்டு செல்லும்போதே கடுவன் குட்டியின் விதைப்பையைத் தடவிப் பார்க்குமாறு மிருக வைத்தியரைக் கேளுங்கள். ஒன்று குறைந்தால் மறைந்திருப்பதையும் சேர்த்தே அகற்றச் சொல்லுங்கள்.